ஐம்பத்தைந்து என்று எழுதிய சீட்டு

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அத்தை ஒரு நல்ல துணியை எடுத்து அதன் ஓரத் தையலைப் பிரிப்பாள். சட்டை, தலையணை உறை, ஜன்னல் திரை, எதுவானாலும் சரி. ஊசி முனையால் ஒவ்வொரு தையலாக நெம்பி, நூலை உருவி, விரலில் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடுவாள். மறுநாள் காலை அந்தத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தையற்கடை தேடிக் கிளம்புவாள்.

எங்கள் வீட்டிலேயே தையல் மெஷின் இருந்தது. அத்தைக்கு நன்றாகத் தைக்கவும் தெரியும். என் பள்ளிச் சீருடைகள் எல்லாம் அவள் கைவேலைதான்.

"அந்தத் திரைக்கு இன்னும் எத்தனை ஆபரேஷன்தான் பண்ணுவே, அக்கா?" என்பார் அப்பா.

"உன் வாயைத் தைக்கிறதுக்கு ஒரு ஆள் தேடிக்கிட்டு இருக்கேன். கிடைச்சதும் நிறுத்திடறேன்" என்பாள் அத்தை.

ஒரு கடைக்கு ஒருமுறைதான் போவாள். கொடுத்ததை வாங்கி வருவது அப்பாவின் வேலை. பக்கத்துத் தெருக்கள் எல்லாம் முடிந்து, பிறகு ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய், கடைசியில் பஸ் ஏறிப் போகவேண்டிய தூரத்துக்கு வந்துவிட்டாள். "அண்ணிக்கு யாரோ ஒரு டெய்லர் மேல நெனப்பு. யாருன்னுதான் தெரியல" என்று அம்மா என்னிடம் கிசுகிசுத்துச் சிரிப்பாள். நானும் அப்படித்தான் நம்பினேன். அவளோடு சில முறை போனபோது பார்த்தேன். துணியைக் கொடுத்துவிட்டு, "எப்ப கிடைக்கும்?" என்று கேட்பாள். கேட்டதும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துக்கொள்வாள். கடைக்காரர் பதில் சொல்லி முடிப்பதற்குள் முகம் தளர்ந்துவிடும். "சரிங்க" என்று திரும்பிவிடுவாள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமான இரண்டாம் வருஷமே ஒரு பெட்டியோடு திரும்பி வந்து எங்களோடு தங்கிவிட்டாள். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. பழைய காசுகளை வாங்கி விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தாள். முதலில் உடைந்த வெள்ளிச் சாமான்களை எடை போட்டு உருக்க அனுப்புவதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. ஒருநாள் உருக்கும் கூடையிலிருந்து ஒரு காசைத் தனியே எடுத்து வைத்து, "சார், இதைப் போடாதீங்க. இது யார் கையும் படாதது" என்றாளாம். முதலாளி லென்ஸ் வைத்துப் பார்த்தார். மறுவாரம் அவளைப் பின்னறைக்கு மாற்றினார்.

அந்தப் பின்னறையை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். எட்டடிக்கு ஆறடி. ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, அதன்மேல் கறுப்பு வெல்வெட் துணி, சின்னத் தராசு, கழுத்து வளையும் விளக்கு ஒன்று. அதில் அறுபது வாட் மஞ்சள் பல்பு. கடைக்கும் அறைக்கும் நடுவே பலகைத் தடுப்பு. தடுப்பில் தபால் போடுகிற அளவுக்கு ஒரு துளை. அந்தத் துளை வழியாகக் காசு உள்ளே வரும், தரம் எழுதிய சீட்டு வெளியே போகும். அறைக்கு இரும்புக் கம்பிக் கதவு. உள்ளே சரக்கு இருப்பதால் அதை முதலாளி வெளியிலிருந்து பூட்டி வைப்பார். அத்தை வெளியே வர வேண்டுமென்றால் சுவரில் இருக்கும் மணியை அடிக்க வேண்டும். அந்த நேரத்தில் கடையில் வாடிக்கையாளர் இல்லையென்றால் அவர் வந்து திறப்பார்.

"ஜெயில்ல கூட மணி அவங்கதான் அடிப்பாங்க. இங்க நானே அடிச்சுக்கணும்" என்று அத்தை சொல்வாள். அதற்கு நாங்கள் எல்லோரும் சிரித்திருக்கிறோம்.

அவளிடம் அதிகம் வந்தவை பழைய அமெரிக்க வெள்ளி டாலர்கள். உள்ளங்கையை நிறைக்கும் கனமான காசு. ஒரு பக்கம் பெண்ணின் தலை, மறுபக்கம் சிறகு விரித்த கழுகு. அவற்றுக்கு எழுபது வரை மதிப்பெண் உண்டு. எழுபது என்றால் குறையே இல்லாதது. அப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. அறுபதும் அதற்கு மேலும் என்றால் யார் கையிலும் புழங்காத காசு. பைக்குள் ஒன்றோடொன்று இடித்த வடுக்கள் இருக்கலாம், தேய்மானம் மட்டும் இருக்கக் கூடாது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து என்று இறங்கினால் புழங்கிய காசு. இரண்டுக்கும் நடுவே மயிரிழைதான். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

"தேய்மானம் எப்பவும் மேடான எடத்துலதான் முதல்ல வரும்டி. காதுக்கு மேல முடி, கன்னம், கழுகோட நெஞ்சு. பள்ளத்துல இருக்கிறது தப்பிச்சுக்கும்" என்பாள். புழங்காத காசை விளக்கின் கீழே மெல்லச் சாய்த்தால், வெளிச்சம் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி அதன் முகத்தைச் சுற்றி ஓடுமாம். கை பட்டுத் தேய்ந்த இடத்தில் அந்தச் சக்கரம் அறுந்துவிடும். எனக்குக் காட்டுவதற்காகப் புது எவர்சில்வர் தட்டு ஒன்றைச் சாய்த்துப் பார்த்தாள். "இது மாதிரி. ஆனா இது இல்ல" என்று கழுவப் போட்டுவிட்டாள்.

வீட்டிலும் எதையும் விளிம்பில்தான் பிடிப்பாள். பிஸ்கட், மாத்திரை, போட்டோ, எல்லாமே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வந்த என் பட்டச் சான்றிதழையும் அப்படித்தான் வாங்கி, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். "கீறல் இல்ல. வெச்சுக்கோ" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவள் விளையாடுகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரகசியம் எனக்குத் தெரிந்தது அதற்கு முன்பே, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது. பஸ்ஸில் தூரத்துக் கடை ஒன்றுக்குத் துணைக்குப் போயிருந்தேன். வழக்கம்போல் முகம் தளர்ந்து திரும்பினாள். "யாரைத்தான் தேடறே அத்தை? சொல்லிட்டா நானும் தேடுவேன்ல" என்று கேட்டேன். பஸ் வர நேரமானது. அவள் சொன்னாள்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது நடந்தது அது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை விளக்கின் பல்பு போய்விட்டது. மாற்று பல்பு இல்லை.

"ட்யூப் லைட் எரியுதுல்ல? அதுல பாரும்மா. ஒருநாள்ல கண்ணு கெட்டுடாது" என்றார் முதலாளி.

மேலே எரிந்த ட்யூப் லைட்டின் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். அதில் சக்கரம் சுற்றாது. இது அத்தைக்கு நன்றாகத் தெரியும். "பல்பு வரட்டும் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபது வருஷம் பார்த்த கண், இருட்டிலும் பார்க்கும் என்று அன்றைக்கு ஒரு தெனாவட்டு. அந்தச் சொல்லை அவளே சொன்னாள்.

பதினோரு மணிக்கு ஒருவர் வந்தார். அத்தைக்குக் குரல் மட்டும்தான் கேட்கும். சற்றே கரகரத்த, நிதானமான குரல். "தையக்கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன், கொஞ்சம் சீக்கிரம் பாருங்க. மெஷின் ரிப்பேர்" என்றது அந்தக் குரல். துளை வழியாக ஒரு துணிப்பொட்டலம் வந்தது. துணியில், தையற்காரர்கள் கோடு போடும் நீலச் சுண்ணக்கட்டிப் பொடி. உள்ளே ஒரே ஒரு வெள்ளி டாலர்.

காதுக்கு மேல் முடி இழைகள் மழுங்கியிருந்தன. கழுகின் நெஞ்சில் இறகுக்கோடு தெரியவில்லை. அத்தை சாய்த்துப் பார்த்தாள். ட்யூப் லைட்டில் காசின் முகம் முழுக்க ஒரே வெளுப்பு. ஐம்பத்தைந்து என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினாள்.

வெளியே அந்தக் குரல், "புழங்கினதா? இல்லீங்களே. எங்கப்பா வாங்கின அன்னிக்குச் சுத்தி வெச்சது. நாங்க யாரும் பிரிச்சது கூட இல்ல. அந்த அம்மாவை இன்னொரு தடவை பாக்கச் சொல்லுங்க" என்றது.

காசு மறுபடி உள்ளே வந்தது. அத்தை அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் பாத்தாச்சு சார். தேஞ்சது தேஞ்சதுதான். அவர் பொய் சொல்றார்."

துளை வழியாகத்தான் சொன்னாள். நன்றாகக் கேட்கும்படி சொன்னாள். பிறகு அந்தக் குரல், "சரிங்க. குடுக்கறதைக் குடுங்க" என்றது. சீட்டின் ஒரு நகல் விற்கிறவருக்குப் போகும். அதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் புதுப் பல்பு வந்தது. முந்தின நாள் காசுகளை அடுக்கி வைக்கும்போது அந்த டாலர் கையில் தட்டுப்பட்டது. தற்செயலாகச் சாய்த்தாள். சக்கரம் சுற்றியது. காதுக்கு மேலே, மழுங்கிய அந்த இடத்தின் மீதும், எங்குமே அறுபடாமல் ஓடியது. தேய்மானம் இல்லை. அச்சடித்த அன்றைக்கே அச்சு சரியாக அழுந்தாத காசு. பிறக்கும்போதே அந்த இழைகள் இல்லை. அறுபத்து நாலு.

"பொய் சொல்றார்னு நான் கத்தினதுதான்டி எனக்கு முதல்ல ஞாபகம் வந்துச்சு. காசோட விலை இல்ல" என்றாள் பஸ் நிறுத்தத்தில்.

மணி அடித்தாள். முதலாளி வந்து திறந்தார். விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு வாயெல்லாம் பல்.

"அடடே! அப்ப நல்லதாப் போச்சு. புதுச் சீட்டு எழுதிடு."

"சார், அந்த டெய்லர் விலாசம் கொள்முதல் நோட்டுல இருக்கும். ஒரு வார்த்தை சொல்லிடணும்."

"என்னன்னு சொல்லுவே? எங்க கடையில ட்யூப் லைட்ல பாத்தோம், ஏமாத்திட்டோம்னா? சீட்டுல யார் கையெழுத்தும்மா இருக்கு?"

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "அந்தப் பெரிய கம்பெனி வேலைக்கு என்கிட்ட கடிதம் கேட்டிருந்தியே? வெள்ளிக்கிழமை டைப் அடிச்சுத் தரேன். இதை இதோட விடு."

அந்த வேலை வேறொரு ஊரில். காசுகளைத் தரம் பார்ப்பதற்கென்றே உள்ள நிறுவனம். பெரிய கூடம், வடக்குப் பார்த்த ஜன்னல்கள், ஒரே காசை மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். கொண்டுவந்தவர் யாரென்று பார்ப்பவருக்குத் தெரியாது. அவள் கண்ணைச் சோதித்துப் பார்த்து அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். அவளிடம் படிப்புச் சான்றிதழ் எதுவும் இல்லாததால், இத்தனை வருஷம் வேலை பார்த்தாள் என்று முதலாளியிடமிருந்து ஒரு கடிதம் மட்டும் கேட்டார்கள். பூட்டாத அறையில் வேலை பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் அவள் சொல்லித் திரிந்தது எனக்கே லேசாக நினைவிருக்கிறது.

அத்தை இதை இதோடு விட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அந்தக் குரல் மறுபடி வந்தது.

"ஐயா, மெஷினைக் கடனுக்கே சரி பண்ணிக் குடுத்துட்டாங்க. அந்தக் காசை நானே திருப்பி எடுத்துக்கறேன். நீங்க குடுத்த பணம் அப்படியே இருக்கு. தேஞ்சதாவே இருக்கட்டும், எங்கப்பா வெச்சது."

"அதை உருக்கப் போட்டாச்சே. தேஞ்ச காசை எவன் வெச்சிருப்பான்?" என்றார் முதலாளி.

காசு அத்தைக்கு முன்னால் வெல்வெட் துணியில் இருந்தது. பக்கத்திலேயே அறுபத்து நாலு என்று அவள் எழுதிய புதுச் சீட்டு.

"நான் மணியை அடிச்சேன். திரும்பத் திரும்ப அடிச்சேன். கடையில ஆள் இருக்கிறப்ப அவர் திறக்க மாட்டார்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சேன்" என்றாள்.

"கத்தியிருக்கலாமே அத்தை? துளைதான் இருக்கே?"

"இருக்கு. பொய் சொல்றார்னு அது வழியாத்தானே கத்தினேன்? அதே வாய்தான். திறந்தேன், சத்தம் வரல. மறுநாள் வெள்ளிக்கிழமை." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "மணி அடிச்சா ஏதோ பண்ணின மாதிரி இருக்கும்ல. அதுக்குத்தான்."

செருப்புச் சத்தம் படியிறங்கியது கேட்டதாம். அதற்கப்புறம் முதலாளி சாவியோடு வந்து, "என்ன அவசரம்? பாத்ரூமா?" என்றார்.

வெள்ளிக்கிழமை கடிதம் வரவில்லை. டைப் அடிக்கிறவர் லீவு. அடுத்த வாரம் முதலாளிக்கு ஜலதோஷம். மணி அடித்தவளை நம்ப முடியாது என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த அந்த நிறுவனம் வேறொருவரை எடுத்துக்கொண்டது. டாலர் நல்ல விலைக்குப் போனது. அது விற்ற வாரம், சனிக்கிழமை சாயங்காலம்தான் அத்தை முதல்முறையாக ஒரு சட்டையின் ஓரத்தைப் பிரித்தாள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ரத்தம் கொதித்தது. நியாயம், உரிமை என்றெல்லாம் புதிதாகப் படித்திருந்தேன். "இன்னும் ஏன் அந்த ஆள்கிட்ட வேலை பாக்கறே? நாளைக்கே விட்டுட்டு வா. பணத்தையும் அந்த ஆளே டெய்லருக்குக் குடுக்கணும்" என்றேன்.

"பணம் அவர் கடன். அந்த டெய்லர் வார்த்தையைப் பொய்யாக்கினது என் கடன்" என்றாள். பிறகு, "உனக்குப் பரீட்சை எப்ப முடியுது?" என்று கேட்டாள்.

இன்னும் மூன்று செமஸ்டர் என்றேன். பஸ் வந்தது. அவள் ஏன் அதைக் கேட்டாள் என்பது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது. என் கல்லூரிக் கட்டணம் அவள் சம்பளத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. உறைத்த பிறகும் நான் கல்லூரிக்குப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அவள் என்னை அடித்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மைதான். ஆனால் எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

இன்னொன்றும் அன்றைக்குக் கேட்டேன். "குரலை வெச்சே ஏன் தேடறே? நேரா கேட்டா என்ன? வெள்ளி டாலர் வித்தீங்களான்னு?"

"ஆமான்னு எவன் வேணா சொல்வான். குரல் எனக்குத் தெரியும்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு மனிதரின் வாய்வார்த்தையை நம்பாமல் தன் கண்ணை நம்பியதில்தான் அவள் சறுக்கினாள். பதிமூன்று வருஷம் அவரைத் தேடியபோதும் யாருடைய வாய்வார்த்தையையும் கேட்காமல் தன் காதைத்தான் நம்பினாள். ஒருவேளை அந்த மனிதரின் கடையிலேயே நின்று, சளி பிடித்து மாறியிருந்த குரலைக் கேட்டுவிட்டு, "சரிங்க" என்று திரும்பியிருக்கலாம்.

நான் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அவள் கடையை விடவில்லை. நான் வற்புறுத்தியபோது, "வெளியில வந்து எங்க நிக்கிறது?" என்றாள். போன வருஷம் நுரையீரலில் வியாதி கண்டு மூன்றே மாதத்தில் போய்விட்டாள். ஐம்பத்து நாலு வயது. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் மாத்திரையை விளிம்பில் பிடித்துப் பார்த்து, நர்ஸிடம், "இது புழங்கின மாத்திரை, வேற குடு" என்றாள்.

முதலாளி துக்கம் கேட்க வந்தார். வயதாகிவிட்டது. "அவங்க கண்ணு மாதிரி இனி வராதும்மா" என்று நிஜமாகவே கலங்கினார். நான் கொள்முதல் நோட்டைக் கேட்டேன். "அந்தக் காலத்து நோட்டெல்லாம் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டாச்சேம்மா" என்றார். காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

அத்தையின் ஊசிப் பெட்டிக்குள், நூல்கண்டுகளுக்கு அடியில், கடையின் சீட்டு ஒன்று நாலாக மடித்து இருந்தது. அறுபத்து நாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். கீழே பென்சிலில் ஒரு வரி: "நீங்கள் சொன்னது உண்மை. நான்தான் சரியாகப் பார்க்கவில்லை." மடிப்புகள் நைந்து போயிருந்தன. பெட்டிக்குப் பக்கத்திலேயே ஓரம் பிரித்த ஒரு தலையணை உறை.

அந்தக் குரல் எனக்குத் தெரியாது. அதனால் நான் நேராகவே கேட்கிறேன். இதுவரை பதினான்கு கடை. ஒருவர், "காசு வித்தியான்னு கேக்கறியே, எனக்குத் தையக்கூலி குடுக்காதவன் லிஸ்ட்டு தரட்டுமா?" என்றார். ஒருவர், போன மாதம் இறந்துபோன பக்கத்துக் கடைக்காரர் ஏதோ டாலர் கதை சொல்வார் என்றார். என்ன கதை என்று அவருக்கு நினைவில்லை. மற்றவர்கள் இல்லை என்றார்கள்.

எங்கோ ஒரு வீட்டில், ஐம்பத்தைந்து என்று அத்தை கையெழுத்திட்ட சீட்டு இருக்கலாம். அறுபத்து நாலு என்று எழுதியது என் பையில் இருக்கிறது. தலையணை உறையின் ஓரம் இன்னும் தைக்கவில்லை.